பேச முடியாதவருக்கு வலிக்கிறதா? ஐசியு நோயாளிகள் பற்றிய ஆய்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐசியு வாசலில் காத்திருக்கும் உறவினர்களும், புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பல வருடங்களாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் நான். உங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன செய்வது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வது உங்களுக்கு விளங்க இது உதவினால் போதும்.

உயிருக்குப் போராடும் ஒருவரை வைத்து ஆராய்ச்சி செய்வது சரியா?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆராய்ச்சி செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

தலையில் பலத்த அடிபட்டு வருபவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது பல வருடங்களாக உலகின் பல இடங்களில் வழக்கமாக இருந்தது. மூளை வீக்கம் குறையும் என்ற எண்ணம்தான் காரணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? 'கிராஷ்' என்ற பெரிய ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 10,008 நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் மீதிப் பேருக்கு வெறும் மருந்தும் (மருந்துச் சத்து இல்லாத போலி ஊசி) குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். 2004-இல் முடிவு வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு குழுவில் 21.1 சதவீதம், மற்ற குழுவில் 17.9 சதவீதம். அதாவது நல்லது என்று நம்பிக் கொடுத்த ஊசி, 100 பேருக்கு 3 பேர் வீதம் கூடுதலாக உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது. கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அத்தனை பேரும் காப்பாற்றத்தான் நினைத்தார்கள்.

ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் பார்க்கும் நோயாளிகளை வைத்து 100-க்கு 3 என்ற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆயிரக்கணக்கானவர்களை ஒழுங்காக எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

ஐசியு என்ற ஏற்பாடே எப்படி வந்தது?

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ பரவியது. மூச்சு விடும் தசைகள் செயலிழந்து வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தலாம் என்று ஒரு 12 வயதுச் சிறுமியிடம் செய்து காட்டினார். அவள் பிழைத்தாள். அப்புறம் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பைகளை அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டே, மிக மோசமான நிலையில் இருப்பவர்களை ஒரே இடத்தில் வைத்துக் கவனிக்கும் பிரிவை இப்சன் தொடங்கினார்.

இன்று அந்த வேலையை வென்டிலேட்டர் செய்கிறது. ஆனால் பக்கத்தில் ஒரு மனிதர் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது அன்றைக்கு எவ்வளவு முக்கியமோ, இன்றைக்கும் அவ்வளவு முக்கியம்.

"ஜி.சி.எஸ். எட்டு" என்றார்கள். அப்படியென்றால்?

கிளாஸ்கோ கோமா அளவுகோல். 1974-இல் கிளாஸ்கோ நகரத்தின் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு மூளை அறுவை மருத்துவர்கள் வெளியிட்டது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என்று மொத்தம் 15. மிகக் குறைந்த எண் 3, பூஜ்யம் கிடையாது. பொதுவாக 8 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆழ்ந்த மயக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தொண்டையில் குழாய் இருப்பவரால் பேச முடியாது. அதனால் பேச்சு மதிப்பெண் அவருடைய மூளையின் நிலையைச் சொல்லாது. ஆகவே மொத்தத்தை மட்டும் கேட்காமல், "கண் எவ்வளவு, அசைவு எவ்வளவு?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பேருக்கு ஒரே எட்டு இருக்கலாம், நிலைமை முற்றிலும் வேறாக இருக்கலாம். அதோடு, நேற்று என்ன, இன்று என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு ஒரு நாள் எண்ணைவிட அது போகும் திசைதான் அதிகம் சொல்கிறது.

மதிப்பெண்ணை வைத்து, பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்ல முடியுமா?

ஒரு தனி மனிதருக்குச் சொல்ல முடியாது. 1985-இல் வந்த 'அபாச்சி 2' என்ற கணக்கு, ஐசியுவுக்கு வந்த முதல் 24 மணி நேரத்தின் 12 அளவீடுகளில் மிக மோசமானவற்றை எடுத்து, வயதையும் பழைய நோய்களையும் சேர்த்து 71 வரை மதிப்பெண் போடும். 'சோஃபா' என்பது மூச்சு, ரத்த உறைவு, கல்லீரல், இதய ஓட்டம், மூளை, சிறுநீரகம் என ஆறு உறுப்புகளுக்குத் தலா நான்கு வீதம் 24 வரை போவது. தொற்று உள்ளவருக்கு சோஃபா 2 புள்ளி கூடினால் செப்சிஸ் (தொற்றினால் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) என்று கருதலாம் என 2016-இல் வரையறை வந்தது.

இதே மதிப்பெண் உள்ள 100 பேரில் சுமார் இத்தனை பேர் இறக்கிறார்கள் என்று இவை சொல்லும். உங்கள் அம்மா அந்த நூறில் எந்தப் பக்கம் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. இந்த வித்தியாசத்தை விளக்காமல் எண்ணை மட்டும் குடும்பத்தாரிடம் சொல்வது தவறு என்பது என் கருத்து. இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும்போது இரு பக்கமும் ஒரே அளவு நோயுற்றவர்கள்தான் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு இந்தக் கணக்குகள் மிகவும் தேவை. அங்கேதான் அவற்றின் முழுப் பயன் தெரிகிறது.

குழாய் போட்டிருக்கிறார்கள், பேச முடியவில்லை. வலிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமான கேள்வி இதுதான்.

முதலில், நினைவு இருந்தால் அவரிடமே கேட்க வேண்டும். தலையசைக்கலாம், கண் சிமிட்டலாம், எண்கள் எழுதிய அட்டையில் விரல் வைத்துக் காட்டலாம். "பேச முடியாது" என்பதைக் "கேட்க வேண்டியதில்லை" என்று நாமே மாற்றிக்கொள்ளக் கூடாது.

அதுவும் முடியாதபோது உடம்பைப் படிக்க வேண்டும். இதற்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று 2001-இல் பிரான்சில் வந்த 'பி.பி.எஸ்.' மற்றது 2006-இல் கனடாவின் செலின் ஜெலினா என்ற செவிலியர் ஆய்வாளரும் அவர் குழுவினரும் வெளியிட்ட 'சிபாட்'. சிபாட்டில் நான்கு விஷயங்களைப் பார்க்கிறோம்: முகம் சுளிக்கிறதா, உடம்பு எப்படி அசைகிறது, கையை மடக்கி நீட்டும்போது தசை இறுகுகிறதா, வென்டிலேட்டரோடு ஒத்துப்போகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. மொத்தம் 8-இல் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பலர் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவதை வைத்து வலியைக் கணிக்கிறார்கள். அது போதாது. காய்ச்சலிலும் ஏறும், பயத்திலும் ஏறும், சில மருந்துகளாலும் ஏறும். ஏறாமலும் கடுமையான வலி இருக்கும். அந்த எண்களை "இப்போது சரியாகப் பார்" என்ற தட்டியெழுப்பலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. எந்த வேலை நோயாளிக்கு அதிகம் வலிக்கும் என்று கேட்டால் ஊசி, குழாய் என்றுதான் நாம் சொல்வோம். அமெரிக்கச் செவிலியர்கள், ஏறக்குறைய 6,000 நோயாளிகளிடம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களுக்கு அதிக வலி தந்ததாக வந்தது, படுக்கையில் புரட்டிப் போடுவது! நாங்கள் ஒரு நாளில் பல முறை செய்கிற, வலி என்றே நினைக்காத வேலை. அதைப் படித்த பிறகு நான் யாரையும் சொல்லாமல் திருப்புவதில்லை. முன்கூட்டியே வலி மருந்து தேவையா என்று கேட்டு, காதருகே சொல்லி, அப்புறம்தான் கை வைக்கிறேன்.

தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் சிபாட் வேலை செய்யாது. சுளிக்கவே முடியாத முகத்தில் எதைப் பார்ப்பது? அப்போது வலி இருக்கிறது என்றே கருதி மருந்து கொடுக்க வேண்டும்.

அப்பா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார், ஊசியைப் பிடுங்குகிறார். மனநோயா?

இல்லை. இதற்கு டெலிரியம் என்று பெயர். கடுமையான நோய், தொற்று, மருந்துகள், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையின் கவனத்தைக் குலைப்பது. ஐசியுவில் மிகச் சாதாரணமாக வருவது. ஆனாலும் சாதாரணமாக விட்டுவிடக் கூடாதது.

பிடுங்குபவர், கத்துபவர் எல்லோர் கண்ணிலும் படுவார். அமைதியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவருக்கும் டெலிரியம் இருக்கலாம். "நல்ல பேஷன்ட், தொந்தரவே இல்லை" என்று நாங்கள் நினைத்துவிடுவோம். அவரைத் தவறவிடாமல் இருக்கத்தான் 2001-இல் வந்த 'காம் ஐசியு' போன்ற சோதனைகள். கையைப் பிடித்துக்கொண்டு சில எழுத்துகளை வரிசையாகச் சொல்வோம். குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்த வேண்டும். பேசவே தேவையில்லை. ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மருந்து கொடுத்துச் சரிசெய்யலாமே என்று கேட்பீர்கள். ஹாலோபெரிடால், சிப்ராசிடோன் என்ற இரண்டு மருந்துகளை வெறும் மருந்தோடு ஒப்பிட்ட 566 பேர் ஆய்வு 2018-இல் வந்தது. டெலிரியம் நீடித்த நாட்களில் வித்தியாசம் இல்லை. ஆகவே எளிய விஷயங்களைத் தவறாமல் செய்கிறோம்: மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, கடிகாரம், பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு, பழகிய குரல். கடைசியாகச் சொன்னதை நீங்கள்தான் கொண்டுவர முடியும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். வாக்குவாதம் செய்யாதீர்கள்.

தூக்க மருந்தை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்? பாவம், தூங்கட்டுமே.

அன்பினால் சொல்கிறீர்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். 2000-இல் 128 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், தினமும் ஒரு முறை தூக்க மருந்தை நிறுத்தி விழிக்கவிட்டவர்களுக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது நடுமதிப்பாக 4.9 நாள். வழக்கம்போல நடத்தப்பட்டவர்களுக்கு 7.3 நாள். இப்போது 'ராஸ்' என்ற அளவுகோலை வைத்து (ஆழ்ந்த மயக்கம் மைனஸ் 5, கட்டுக்கடங்காத கொந்தளிப்பு பிளஸ் 4) மெல்லிய தூக்கத்தில் வைப்பதையே பெரும்பாலும் இலக்காக வைக்கிறோம். மூளை வீக்கம், நிற்காத வலிப்பு போன்றவற்றில் இது பொருந்தாது.

இன்று நல்லது என்கிறார்கள், நாளை கெட்டது என்கிறார்கள். ஆராய்ச்சியை எப்படி நம்புவது?

சர்க்கரை விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2001-இல் பெல்ஜியத்தின் ஒரே மருத்துவமனையில் 1,548 பேரிடம் நடந்த ஆய்வு, ரத்தச் சர்க்கரையை மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் ஐசியு இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைகிறது என்றது. உலகமே அதைப் பின்பற்றத் தொடங்கியது. 2009-இல் 'நைஸ் சுகர்' என்ற ஆய்வு, பல மருத்துவமனைகளில் 6,104 பேர். இறுக்கமாக 81 முதல் 108 வரை வைத்த குழுவில் 90 நாளில் இறந்தவர்கள் 27.5 சதவீதம். 180-க்குள் இருந்தால் போதும் என்று விட்ட குழுவில் 24.9 சதவீதம். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோனதும் இறுக்கமான குழுவில்தான் பல மடங்கு அதிகம்.

முதல் ஆய்வு பொய் இல்லை. ஓர் இடத்தில், ஒரு வகை நோயாளிகளிடம், அங்கே பழக்கத்தில் இருந்த ஊட்டச்சத்து முறையோடு கிடைத்த முடிவு அது. அதை எல்லோருக்கும் நீட்டியதுதான் அவசரம். ஒரே இடத்தில் நடந்த சிறிய ஆய்வு பெரிய பலனைச் சொன்னால் நான் சந்தோஷப்பட்டு, கொஞ்சம் காத்திருப்பேன்.

இதைவிட ஆச்சரியம் 2000-இல் வந்த நுரையீரல் ஆய்வு. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 861 பேரில் ஒரு குழுவுக்கு வென்டிலேட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிலோவுக்கு 12 மில்லி காற்று, மற்றதற்கு 6 மில்லி. முதல் சில நாட்களில் அதிகக் காற்று வாங்கியவர்களின் ஆக்சிஜன்தான் நன்றாக இருந்தது! ஆனால் இறப்பு அந்தக் குழுவில் 39.8 சதவீதம், குறைந்த காற்றுக் குழுவில் 31 சதவீதம். புண்பட்ட நுரையீரலை ஊதி ஊதி மேலும் கிழித்துக்கொண்டிருந்தோம். மானிட்டரில் எண் அழகாக இருந்தால் நோயாளி தேறுகிறார் என்று பொருள் கொள்ள முடியாது என்பதை எனக்கு முகத்தில் அடித்தாற்போல் சொன்ன ஆய்வு இது. இந்த 6 மில்லி கணக்கில் வரும் கிலோ, உடம்பின் நிஜ எடை இல்லை. உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. பருத்தவருக்கு நுரையீரல் பெரிதாக இருக்காது. அதனால்தான் படுத்திருப்பவரை டேப் வைத்து அளக்கிறோம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டுமா?

பெரும்பாலும் காட்டும். ஆனால் கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்பு உண்டு. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தப் பரிசோதனையில் 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். தோல் நிறம் கருத்த நம் போன்றவர்கள் மனதில் வைக்க வேண்டிய செய்தி. நகப்பூச்சு, குளிர்ந்த விரல், குறைந்த ரத்த அழுத்தம் இவையும் கெடுக்கும். ஆளைப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது, கருவி 95 என்கிறது என்றால் ஆளை நம்பி ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

செவிலியர்கள் என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறார்கள்? அது டாக்டர் வேலைதானே?

மேலே வலியைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் செவிலியர் ஆராய்ச்சிதான். படுக்கைப் புண் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் பிரேடன் அளவுகோலும் (1987) இரண்டு செவிலியர்கள் உருவாக்கியது.

ஒரு நர்ஸ் எத்தனை நோயாளியைப் பார்க்கலாம் என்பதும் ஆராய்ச்சிக் கேள்விதான். லிண்டா எய்க்கன் என்ற அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளரின் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்க்கும் ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. குலுக்கிப் போட்டு நடத்திய சோதனை இல்லை, உள்ளதை உள்ளபடி கணக்கெடுத்தது. இருந்தாலும் 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் இதே 7 சதவீதம் வந்தது. ஆள் பற்றாக்குறை என்பதை நிர்வாகப் பிரச்சினையாக மட்டும் பேசுவதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஒப்புதல் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது? மறுத்தால் கவனிப்பு குறையுமா?

நோயாளிக்குத் தெளிவு இருந்தால் அவரேதான். இல்லாவிட்டால் சட்டம் ஏற்கும் நெருங்கிய உறவினர். உங்களிடம் கேட்பது "உங்களுக்குச் சம்மதமா?" என்பதைவிட, "அவர் இப்போது பேச முடிந்தால் சம்மதிப்பாரா?" என்பதுதான். அவர் தெளிந்த பிறகு அவரிடமும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விலகலாம். நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டிய சில அவசர ஆய்வுகளில், நெறிமுறைக் குழுவின் முன் அனுமதியோடு, சிகிச்சை தொடங்கிய பிறகு ஒப்புதல் வாங்குவதும் உண்டு.

மறுத்தால் கவனிப்பு குறையவே கூடாது. மருத்துவ ஆராய்ச்சிக்கான உலக அளவிலான நெறிமுறையான ஹெல்சிங்கி அறிக்கையே இதைத் தெளிவாகச் சொல்கிறது. கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்: ஆய்வில் இல்லாவிட்டால் இவருக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? கூடுதலாக ரத்தம் எடுப்பீர்களா? எந்த நேரத்திலும் விலகலாமா? பாதிப்பு வந்தால் செலவு யாருடையது? யோசிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது?

குலுக்கல் முறையில் சிகிச்சையா? அப்பாவின் உயிரைக் குலுக்கிப் போடுவதா?

இரண்டில் எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாதபோது மட்டும்தான் குலுக்கலாம். ஒன்று நல்லது என்று ஏற்கெனவே தெரிந்தால் அந்த ஆய்வுக்கு அனுமதியே கிடைக்கக் கூடாது. நடுவில் ஒரு பக்கம் தெளிவாக மோசமானால் நிறுத்தச் சொல்வதற்கு, ஆய்வை நடத்துபவர்களோடு சேராத தனிக் குழு புள்ளிவிவரங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா பழையபடி இல்லையே?

உடல் பலவீனம், மறதி, பயக் கனவுகள், சோர்வு. இவை மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஐசியுவுக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுப்பு என்று 2012-இல் இதற்குத் தனிப் பெயரே வந்தது. அவர் சோம்பேறித்தனம் காட்டுகிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சில இடங்களில் நர்ஸ்களும் குடும்பத்தாரும் சேர்ந்து நோயாளிக்காக ஒரு நாட்குறிப்பு எழுதுகிறார்கள். "இன்று உங்கள் குழாயை எடுத்தோம், உங்கள் மகள் வந்து பாட்டுப் பாடினார்" என்பது போல. நினைவில் வெறும் ஓட்டையாகவோ பயங்கரமாகவோ இருக்கும் நாட்களுக்கு உண்மையான கதை கிடைக்கிறது. 2010-இல் 352 பேரிடம் நடந்த ஆய்வில், நாட்குறிப்பு பெற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் புதிதாக மன அதிர்ச்சி நோய் வந்தது. 2019-இல் 657 பேரிடம் நடந்த பிரெஞ்சு ஆய்வில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே இதை மருந்து மாதிரி நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு எழுத மனம் இருந்தால் எழுதுங்கள். தேதி போட்டு, அன்று யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நாலு வரி. அவர் எப்போது கேட்கிறாரோ அப்போது கொடுங்கள். அதற்கு முன்னால் கையில் திணிக்க வேண்டாம்.